பைப் பாஸின் கையும் புத்தளத்துத் தண்ணீரும்



இன்று சுபஹுத் தொழுகைக்கு எழுந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருகியிருப்பீர்கள். தண்ணீர் வந்திருக்கும். வுழூச் செய்துவிட்டுத் தொழப் போயிருப்பீர்கள். அந்தத் தண்ணீர் எந்த வழியாக வந்தது, உங்கள் கையையும் காலையும் கழுவிவிட்டு எங்கே போனது என்று ஒரு கணமாவது எண்ணிப் பார்த்தீர்களா?

எண்ணியிருக்கமாட்டீர்கள். எண்ண வேண்டிய தேவை இல்லாதபடி ஒருவர் வேலை செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைத்தான் நாம் 'பைப் பாஸ்' என்கிறோம். வீடு குடிபுகும் நாளில் வருகிற விருந்தாளிகள் கதவைப் பார்த்துத் தச்சரைப் புகழ்வார்கள். தரையைப் பார்த்து மேசன் பாஸைப் புகழ்வார்கள். சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைந்து கிடக்கும் வேலையைச் செய்தவரை யாரும் கேட்பதில்லை. குழாய் உடைந்து வீடு வெள்ளமான பிறகுதான் அவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடுகிறோம்.

ஓர் ஆயுட்காலத்துக்குள் இந்தத் தொழில் அடியோடு மாறிவிட்டது. குழாய் பொருத்துவது முன்னெப்போதும் இல்லாத அளவு இலகுவாகிவிட்டது. ஆனால் நம் புத்தளம் கரையோரத்தில் நல்ல தண்ணீரை நல்ல தண்ணீராகவே வைத்திருப்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்து நினைக்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கயிறும் வாளியும்

அறுபது, எழுபது வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்துச் சாதாரண வீடொன்றில் குழாய் வேலை என்று எதுவும் இருக்கவில்லை. வளவுக்குள் ஒரு கிணறு, கப்பியிலோ துலாவிலோ கட்டிய வாளி, அவ்வளவுதான். கிணறு உவராகிவிட்டால் நல்ல தண்ணீர் உள்ள கிணற்றைத் தேடிக் குடத்தோடு நடக்க வேண்டும். அந்த நடை பெரும்பாலும் நம் உம்மாமாருக்கும் குமர்ப்பிள்ளைகளுக்கும் உரியதாக இருந்தது. மலசலகூடம் இருந்த வீடுகளில் அது வளவின் கோடியில் இருந்தது.

பள்ளிவாசலில் ஹவுள் இருந்தது. கிணற்றிலிருந்து இறைத்து அதை நிரப்புவது நாளாந்தம் நடக்கும் வேலை. சுற்றி அமர்ந்து கையால் அள்ளி வுழூச் செய்தார்கள். அள்ளிய அளவுதான் செலவு. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் படித்திருப்பீர்கள். இன்றைய அளவில் அது ஒரு லீற்றருக்கும் குறைவு. குழாயைத் திறந்து விட்டபடியே வுழூவை முடிக்கும் நாம் எத்தனை முத்தைச் செலவழிக்கிறோம்? ஒருநாள் குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து அளந்து பாருங்கள்.

குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டு வரும் அறிவு புதியதன்று. சிகிரியாவின் நீர்ப் பூங்காவில் நிலத்தடி வழிகளால் வரும் தண்ணீர், மழைக்காலத்தில் இன்றும் நீரூற்றாய் மேலே எழுகிறது. கலீபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் ஹாஜிகளின் தாகம் தீர்ப்பதற்காக மக்காவுக்கு அமைத்த நீர்வழி நூற்றாண்டுகள் பல கடந்தும் பயன் தந்தது. ரோமர்கள் ஈயத்தால் குழாய் செய்தார்கள். இலத்தீன் மொழியில் ஈயத்துக்கு 'பிளம்பம்' என்று பெயர். 'பிளம்பர்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே. நம் நாட்டில் கொழும்பு நகருக்கு லபுகம நீர்த்தேக்கத்தின் தண்ணீர் 1886-இல் கிடைத்தது. கிராமத்து வீடுகளோ அதன் பின்னும் பல பத்தாண்டுகள் கயிற்றையும் வாளியையும் நம்பியே இருந்தன.

இரும்பை அடக்கிய கைகள்

குழாய் முதலில் வைத்தியசாலைகளுக்கும் அரசாங்க விடுதிகளுக்கும் வசதி படைத்தோரின் வீடுகளுக்கும் வந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975-இல் இயங்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் குழாய் என்றால் ஜி.ஐ. குழாய், அதாவது நாகப் பூச்சுப் பூசிய இரும்புக் குழாய்.

உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பைப் பாஸ் யாராவது இருந்தால் அவருடைய உள்ளங்கையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இரும்புக் குழாயை வைஸில் இறுக்கி, வாளால் அறுத்து, முனையில் டையைப் பூட்டி, எண்ணெய் விட்டு விட்டுச் சுற்றிச் சுற்றிப் புரி வெட்ட வேண்டும். தோளும் மணிக்கட்டும் ஒருசேர உழைக்க வேண்டிய வேலை அது. புரி ஆழம் குறைந்தால் எல்போ ஏறாது, கூடினால் ஒழுகும். அளவு அரை அங்குலம் பிழைத்தால் அந்தத் துண்டு வீண். வெட்டிய புரியில் சணல் நாரைச் சுற்றி, ஈயம் கலந்த வெள்ளைப் பசையைத் தடவி, பைப் றெஞ்சால் இறுக்குவார்கள். கையாளாகச் சேரும் பையன் குழாயைப் பிடிப்பதும் எண்ணெய் விடுவதுமாகவே நெடுநாள் இருப்பான். டை அவன் கைக்கு வரும்போது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே காற்று அடைக்கும், எந்த இடத்தில் வால்வு வேண்டும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே மனதில் பதிந்திருக்கும்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்த வெள்ளைப் பசையில் இருந்த ஈயம் உடம்புக்கு, விசேடமாகச் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடானது. அதை வெறும் கையால் தடவியவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்று அந்த இடத்தில் வெள்ளை நாடாவாகிய டெப்லோன் டேப் வந்துவிட்டது.

நம் ஊரில் இரும்புக் குழாய்க்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, களப்பிலிருந்தும் கடலிலிருந்தும் வரும் உப்புக் காற்று. அது குழாயை வெளியே தின்றது. மற்றது, நம் தண்ணீரிலேயே கரைந்திருக்கும் சுண்ணாம்பு. அருவாக்காலுவில் சுண்ணக்கல் வெட்டிப் பாலாவி சீமெந்து ஆலைக்கு ரயிலில் கொண்டு வருகிறார்கள் அல்லவா? அந்தக் கல்லின் இனம்தான் இந்தப் பிரதேசத்து நிலத்தடியிலும் இருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுவே. கேத்தலில் படிவது குழாய்க்குள்ளும் படியும். வருடங்கள் போகப் போக, அரை அங்குலக் குழாய்க்குள் விரல் நுழையும் துவாரம்கூட மிஞ்சாது.

பிளாஸ்டிக் வந்த பிறகு

பி.வி.சி. குழாய் ஜேர்மனியில் 1930-களிலேயே தயாரிக்கப்பட்டது. நம் நாட்டிலும் உற்பத்தி தொடங்கியபின் அது இரும்பை மெல்ல மெல்ல வெளியேற்றியது. ஒரு கம்பனியின் பெயரே பொருளின் பெயராகி, எந்தக் கம்பனிக் குழாயையும் 'எஸ்-லோன்' என்று கேட்டு வாங்கும் வழக்கம் வந்துவிட்டது.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. தோளில் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போகலாம். டையும் வைஸும் தேவையில்லை. வாள் ஒன்றும் 'கம்' டின் ஒன்றும் இருந்தால் போதும். இரும்பில் பல நாள் பிடித்த வேலை ஒரே நாளில் முடிந்தது. செலவும் குறைந்தது. குழாய் என்பதையே காணாத எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. கூடவே மின்மோட்டரும் பிளாஸ்டிக் தாங்கியும் வந்து சேர்ந்தன. நம் தாய்மார்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்த இந்த மாற்றத்தைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்டதனம்.

ஆனால் வேலை இலகுவானதும் எல்லோரும் பைப் பாஸ் ஆகிவிட்டார்கள். பழகுவதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. பிளாஸ்டிக் மூட்டுக்கும் முறை உண்டு. 'கம்' என்று நாம் சொல்வது வெறும் பசையன்று. அது குழாயின் மேற்பரப்பையும் சொக்கட்டின் உட்பரப்பையும் இளக வைத்து, காயும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிடும். முனையைச் சுத்தமாக்காமல் பூசினால் ஒட்டாது. முழுவதும் உள்ளே செலுத்தாவிட்டால் நிற்காது. காயுமுன் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஒட்டியதும் விடும். இந்த மூன்று பிழைகளும் அன்றைக்குத் தெரியாது. பூச்சுப் பூசி, தரை ஓடு பதித்து, வீடு குடிபுகுந்த பிறகு சுவரில் ஈரமாய்த் தெரியவரும். இரும்பு தன் பிழையை உடனே காட்டியது. பிளாஸ்டிக் அதை மறைத்து வைத்துக் காட்டுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பி.வி.சி. வெயிலுக்கு ஆகாது. கூரைமேல் திறந்தபடி கிடக்கும் குழாய் வெயில் பட்டுப் பட்டு நொறுங்கும் தன்மையை அடையும். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வளைகுடா நாடுகள்

1970-களின் பிற்பகுதி தொடக்கம் வளைகுடா நாடுகளின் கதவு திறந்தது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. சவூதி, குவைத், கட்டார் என்று போனவர்களில் குழாய் வேலைக்காரரும் இருந்தார்கள். பல மாடிக் கட்டடங்களில் அவர்கள் வேறோர் உலகத்தைக் கண்டார்கள். குழாய் போகும் பாதை முழுவதும் வரைபடத்தில் இருக்கும். சுவரை மூடுமுன் தண்ணீரை அழுத்தி ஏற்றிச் சோதிப்பார்கள். சோதனையில் தேறாவிட்டால் மேற்பார்வையாளர் கையெழுத்திடமாட்டார். பி.பி.ஆர். குழாயை ஏறத்தாழ 260 பாகை வெப்பத்தில் உருக்கி இணைக்கும் வேலையையும் அங்கே பழகினார்கள்.

ஊர் திரும்பியவர்கள் அந்த முறையை இங்கே செய்ய முயன்றால் நாம் என்ன சொல்கிறோம்? "நானா, சோதனையெல்லாம் எதற்கு? நாளைக்கு மேசன் பாஸ் பூச்சுக்கு வருகிறார், கெதியாய் முடியுங்கோ" என்கிறோம். பிழையில் பாதி நம்முடையது, வாசகர்களே! தரமான வேலை தெரிந்தவருக்கும் தரமில்லாத வேலையைச் செய்யும்படி கூலி கொடுப்பவர்கள் நாமே.

1990 ஒக்டோபருக்குப் பின்

புத்தளத்துத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது 1990 ஒக்டோபரைத் தாண்டிப் போக முடியாது. விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் வந்து சேர்ந்தது இந்த மாவட்டத்துக்கே. உப்பளத்து ஓரத்திலும் தென்னந்தோப்புகளிலும் மணல் வெளிகளிலும் ஓலைக் குடிசைகள் எழுந்தன. இருக்கிற கிணறுகளையே வந்தவர்களும் இருந்தவர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கிடும்போது மனத்தாங்கல்களும் வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இடம் கொஞ்சம், மனிதர்கள் அதிகம். ஆகவே கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றையொன்று நெருங்கின. தற்காலிகம் என்று வந்த முகாம்கள் பல வருடங்கள் நீடித்து, பின்னர் நிரந்தரக் குடியிருப்புகளாயின. 2007-இல் உலக வங்கி அங்கீகரித்த புத்தளம் வீடமைப்புத் திட்டம் வீடுகளோடு தண்ணீரையும் மலசலகூட வசதியையும் கவனத்தில் எடுத்தது. 2008-இல் ஆசிய அபிவிருத்தி வங்கி அங்கீகரித்த உலர் வலய நகர நீர் வழங்கல் திட்டத்தில் வவுனியா, மன்னார், சிலாபம் ஆகியவற்றோடு புத்தளமும் இடம் பெற்றது. எனினும் சபைக் குழாய் எட்டாத இடங்களில் இன்றும் கிணறே கதி.

மணலுக்குக் கீழே

இனித்தான் முக்கியமான விடயம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர் ஒரு பெரிய ஏரியன்று. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் இலேசானது, உப்புத் தண்ணீர் பாரமானது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உப்பு அதே அளவில் ஏறி வரும். வாளியால் இறைத்த காலத்தில் கிணறு தன்னைத்தானே நிரப்பிக்கொண்டது. மோட்டர் மணிக்கணக்கில் இழுக்கும்போது உப்பு மேலே வருகிறது.

இரண்டாவது ஆபத்து நைத்திரேற்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரக்கறிக்கும் போடும் உரத்தை மணல் பிடித்து வைப்பதில்லை. அது மழையோடும் பாய்ச்சும் தண்ணீரோடும் நேரே கீழிறங்கும். மலசலகூடக் குழியிலிருந்தும் இதே பொருள் கசிகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. கற்பிட்டிப் பகுதியின் பல கிணறுகளில் இந்த எல்லை மீறியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. இத்தகைய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாயலாம். தாய்மார்களே, ஒன்றை மறந்துவிடாதீர்கள்! கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இந்த இடத்தில்தான் பைப் பாஸின் வேலை உண்மையில் தொடங்குகிறது. குழியை எங்கே வெட்டுவது, மோட்டரின் உறிஞ்சு குழாயை எவ்வளவு ஆழத்தில் விடுவது, கழிவுநீரை எந்தப் பக்கம் திருப்புவது என்று வீடு கட்டும்போது முடிவு செய்வது பெரும்பாலும் அவரும் மேசன் பாஸும்தான். குழாயை ஒட்டத் தெரிந்து தண்ணீரின் போக்குத் தெரியாதவர் கையில் இந்த முடிவு விழுந்தால், ஒரு குடும்பம் தன் கழிவைத் தானே குடிக்க நேரும்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை

1. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். மணல் நிலத்தில் இயன்றவரை அதிலும் கூட விடுங்கள். அயல்வீட்டுக் குழியையும் கணக்கில் எடுங்கள். மதிலுக்குக் கீழே போகும் தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது.

2. சபைக் குழாயையும் கிணற்று மோட்டரையும் ஒரே குழாயில் நேரடியாக இணைக்கவே வேண்டாம். சபைக் குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் அதற்குள் போய் ஊருக்கே பரவலாம். சபைத் தண்ணீர் தாங்கியின் மேற்புறத்தில் தனியாக வந்து விழட்டும்.

3. குழாயில் மாட்டிய றப்பர்க் குழாயின் முனையை அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி வைக்காதீர்கள். அழுத்தம் குறைந்தால் அது வாளித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

4. மலசலகூடக் கோப்பையின் கீழும் பேசினின் கீழும் குழாய் வளைந்து போவது ஏன் தெரியுமா? அந்த வளைவில் தேங்கும் தண்ணீரே துர்நாற்றத்தையும் பூச்சியையும் தடுக்கும் பூட்டு. அலெக்சாண்டர் கமிங் என்பவர் 1775-இல் இதற்கு உரிமம் பெற்றார். பாவிக்காத குளியலறையில் வாடை வந்தால் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு வாளி ஊற்றுங்கள்.

5. சுவரைப் பூசுமுன் தண்ணீரை அழுத்தி ஏற்றி ஓர் இரவு விட்டுச் சோதிக்கும்படி பாஸிடம் நீங்களே கேளுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள்.

6. மூடுமுன் குழாய் போகும் பாதையைப் படம் எடுத்து வையுங்கள். நாளை ஆணி அடிக்கும்போது பயன்படும்.

7. கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள். விசேடமாக, வீட்டில் கைக்குழந்தை பிறக்க இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

மகன் பைப் பாஸ் ஆவதா?

கடைசியாக ஒரு வார்த்தை. "படிக்காவிட்டால் குழாய் வேலைக்குத்தான் போவாய்" என்று பிள்ளையை வெருட்டும் பெற்றோர் நம்மில் உண்டு. அதே பிள்ளை சாதாரண தரத்தோடு நின்று, ஒரு தொழிலும் கற்காமல், இருபது வயதில் கட்டாருக்குக் கையாளாகப் போகிறான். பக்கத்தில் நிற்கும் வேறு நாட்டுக்காரனிடம் சான்றிதழ் இருக்கிறது. அவனுக்குக் கூடிய சம்பளம். இவனுக்குத் திறமை இருந்தாலும் காட்டுவதற்குக் கடதாசி இல்லை.

வழி இல்லாமலில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் குழாய் பொருத்துநர் தொழிலில் பயிற்சி அளிக்கின்றன. தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ. சான்றிதழும் இருக்கிறது. வருடக்கணக்காய் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், தம் அனுபவத்தைச் செய்து காட்டி மதிப்பீட்டின் மூலம் அதைப் பெறலாம். உங்கள் மஹல்லாவில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தச் செய்தியை அவருக்குச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியாவிட்டால் நிரப்பிக் கொடுங்கள். அவர் ஒருவர் தேறினால் அவரிடம் பழகும் பையன்களும் தேறுவார்கள்.

அடுத்த முறை பைப் பாஸ் உங்கள் வீட்டுக்கு வரும்போது கூலியைப் பேசுவதற்கு முன்னால், "இந்தக் குழியை எங்கே வெட்டினால் நல்லது நானா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கிணற்றைப் பார்த்து, நிலத்தைப் பார்த்து, அயல்வீட்டு மதிலையும் எட்டிப் பார்த்துவிட்டு அவர் பதில் சொன்னால், அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். உங்கள் பிள்ளைகள் குடிக்கப் போகும் தண்ணீருக்கு அவரே காவல்.